சிவப்புக் கரைப் பாய்

பாய்ச்சுருளின் ஒரு முனையிலிருந்து வால் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ஹொருஜா அதை முதலில் கோரைப் பிசிறு என்றுதான் நினைத்தான். வருஷக்கணக்காகப் பாய் முடைகிறவனுக்குப் பிசிறு என்றால் ஆகாது. குனிந்து, விரலில் சுற்றி, இழுத்துப் பார்த்தான். வரவில்லை. தொடுவதற்கு மெத்தென்று இருந்தது. பழுப்பும் கறுப்புமாக வளையம் வளையமாக இருந்தது. நைல் கரையிலுள்ள பெர்-பாஸ்தெத் ஊரைச் சுற்றியுள்ள எந்த வாய்க்காலிலும் கோரை அப்படி முளைப்பதில்லை.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

காலையில் அந்தப் பாயை நனைத்து முற்றத்தில் பாதி மடித்துப் போட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு வெங்காயமும் ரொட்டியும் தின்றுவிட்டு வந்திருந்தான். வந்ததும் சுருட்டினான், முழங்காலை ஊன்றி அழுத்தினான், கயிற்றைப் போட்டு முறுக்கினான். ‘நறுக்’கென்று ஒரு சத்தம் கேட்டது. ஏதோ ஒரு தண்டு ஒடிந்தது, போகட்டும் என்று இன்னொரு முறுக்கும் கொடுத்தான். ஈரப் பாயின் குளுமையைத் தேடி உள்ளே சுருண்டு படுத்திருந்தது யார் என்று இப்போது தெரிந்தது. வால் நுனியில் வெள்ளைப் பொட்டு. பக்கத்து வீட்டு இரெத்தெருவின் பூனை, நெஜெம்.

எங்கள் ஊரில் மனிதன் செத்தால் அழுவார்கள். பூனை செத்தால் விசாரிப்பார்கள். வழியில் செத்த பூனையைக் கண்டவன் கிட்டே போகக் கூடாது. இருந்த இடத்திலேயே நின்று மார்பில் அடித்துக்கொண்டு, ‘நான் பார்க்கும்போதே செத்துக் கிடந்தது’ என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும். எவ்வளவு தூரத்தில் நிற்கிறானோ அவ்வளவு நல்லவன். போன வெள்ளத்துக்கு முன்னால் வெளியூர் வண்டிக்காரன் ஒருவனுடைய சக்கரத்தில் ஒரு பூனை மாட்டிக்கொண்டது. பாவம், ஊர் வழக்கம் தெரியாதவன். இறங்கிப் போய் அதைக் கையில் எடுத்துப் பார்த்தான். நீதிபதி வந்து சேர்வதற்குள் விசாரணை, தீர்ப்பு, தண்டனை எல்லாம் தெருவிலேயே முடிந்திருந்தது. அவர் வந்து, வண்டியும் மாடும் யாருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஹொருஜா கத்தலாம்தான். ஆனால் தன் வீட்டு முற்றத்தில், தன் பாய்க்குள், தன் முடிச்சுக்குள் இருக்கிற பூனையை எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்ததாகச் சொல்வது? அந்த இரட்டை முறுக்கு முடிச்சு அவன் கை என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

அவன் மனைவி தாமின் கையில் மாவோடு வெளியே வந்தாள். அவன் வாலைக் காட்டினான். அவள் மாவுக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

“யாராவது பார்த்தாங்களா?”

“நீதான் பார்த்தே.”

“இன்னைக்குத்தானா உனக்கு இது நடக்கணும்?”

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இரண்டு வருஷமாக அவள் தன் அண்ணன் உன்னெபரை நச்சரித்து, கோயிலில் வாசல்காவல் வேலை ஒன்றைப் பிடித்து வைத்திருந்தாள். உன்னெபர் கோயிலில் எண்ணெய் அளக்கிறவன். அன்று சாயங்காலம் ஹொருஜாவை அதிகாரியிடம் அழைத்துப் போவதாக ஏற்பாடு. பாஸ்தெத் அம்மன் கோயில் என்றால் தினம் ரொட்டி, தினம் கள், திருவிழாவில் வாத்துக் கறி. பூனை முகம் கொண்ட அம்மனின் வாசலில் நிற்கப் போகிறவன், பூனையைக் கொன்ற கையோடு உட்கார்ந்திருந்தான்.

இருட்டினதும் ஆற்றில் போட்டுவிடலாம் என்று தாமின் முடிவு செய்தாள். அதுவரை அந்தச் சுருள் மற்றச் சுருள்களோடு சுவரோரம் கிடக்கட்டும். இந்த ஆபத்து நீங்கினால் திருவிழாவில் அம்மனுக்கு, செத்த பூனையைப் பாடம்பண்ணித் துணி சுற்றிக் கோயிலில் விற்பார்களே, அதில் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைப்பதாகவும் வேண்டிக்கொண்டாள். வருஷா வருஷம் ஒன்று வாங்கி வைப்பது வழக்கம். இது இரட்டிப்பு வேண்டுதல். ஹொருஜா வாலை ஒற்றை விரலால் உள்ளே தள்ளினான். கண்ணை மூடிக்கொண்டு தள்ளினான்.

மூடி வைத்ததைத்தான் முதலில் எடுப்பது என்று சிலருக்குக் கை வாகு உண்டு. முடிதிருத்துகிற நெஸ்மின் அப்படிப்பட்டவன். வந்தான், வணக்கம்கூடச் சொல்லவில்லை, நேரே சுவரோரம் போய் மூன்று சுருள்களை நகர்த்திவிட்டு நாலாவதைத் தூக்கினான்.

“சிவப்புக் கரை. இதுதானே எனக்குன்னு சொன்னே?”

“அது கோயிலுக்கு,” என்றான் ஹொருஜா. வாயில் வந்தது அதுதான்.

“அதிகாரிக்குக் காணிக்கைண்ணே,” என்று தாமின் உள்ளேயிருந்து முட்டுக் கொடுத்தாள்.

நெஸ்மின் சுருளைக் கையில் தூக்கி எடை பார்த்தான். “கனமா இருக்கே.”

“ஈரம்.”

“ஈரமா? உள்ளே ஆளை வெச்சுச் சுருட்டின மாதிரி இருக்கு,” என்று சொல்லிச் சிரித்துவிட்டு நெஸ்மின் போனான். ஹொருஜா சிரிக்க வாயைத் திறந்தான். பல் மட்டும் தெரிந்தது.

நெஸ்மின் ஒருவன் தலையை மழித்து முடிப்பதற்குள் அவன் காதில் ஊரே நிறைந்துவிடும். உச்சிவேளைக்குள், ஹொருஜா கோயில் அதிகாரிக்குச் சிவப்புக் கரைப் பாய் கொண்டுபோகிறான் என்ற செய்தி தெருவைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, கோயிலுக்கே போய்விட்டது. பாய் விஷயம் கேட்டு அதிகாரிக்குப் பரம சந்தோஷம், சாயங்காலம் மறக்காமல் கொண்டுவரச் சொன்னார் என்று உன்னெபரிடமிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். இனி அந்தப் பாயை ஆற்றில் போட முடியாது, பட்டப்பகலில் அதைப் பிரித்துப் பூனையை வெளியே எடுக்கவும் முடியாது.

வேறு பாய்க்குச் சிவப்புக் கரை கட்டிவிடலாமா என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டிருந்தபோது இரெத்தெரு வந்தாள்.

இரெத்தெரு பார்லிக் கள் காய்ச்சி விற்கிறவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு யாரிடமும் அதிகம் பேசாதவள். பேசினால் அது பூனையிடம்தான். கையில் பாலில் ஊறிய ரொட்டிக் கிண்ணம் இருந்தது.

“தம்பி, கள்ளு வடிகட்டற நேரத்துக்கு அவ எங்கே இருந்தாலும் வந்துடுவா. இன்னைக்குக் காணோம். நம்ம நெஜெம் இந்தப் பக்கம் வந்தாளா?”

இல்லை என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே நின்றிருக்கும். ஆனால் ஹொருஜாவுக்கு, இல்லை என்று மொட்டையாகச் சொன்னால் சந்தேகம் வரும் என்று தோன்றியது. கூட ஏதாவது சேர்த்துச் சொல்வது நல்லது என்று நினைத்தான்.

“எங்க வீட்டுப் பூனையையும் காணோம்க்கா.”

இரெத்தெரு அவனைப் பார்த்தாள். “உங்க வீட்டுல ஏது பூனை?”

“நேத்துதான் வந்துச்சு. அதுவா வந்துச்சு.”

தானாக வந்த பூனை என்றால் அம்மன் அனுப்பியது. இரெத்தெருவுக்கு அந்தக் கவலையிலும் முகம் மலர்ந்தது. என்ன நிறம் என்று கேட்டாள். ஹொருஜாவின் மனசில் அந்த நேரத்தில் இருந்தது ஒரே ஒரு பூனை.

“பழுப்பு. கறுப்பு வளையம். வால் நுனியில வெள்ளை.”

“அப்படியே நம்ம நெஜெம்.”

“ஆமாக்கா. அக்கா தங்கச்சியா இருக்கும்.”

உள்ளே தாமின் நெற்றியைச் சுவரில் மெதுவாக முட்டிக்கொண்டாள்.

ஒரு பூனை காணாமல் போனால் வீட்டுக் கவலை. இரண்டு போனால் தெருக் கவலை. சற்று நேரத்தில் தெருவே திரண்டு தேட ஆரம்பித்தது. களஞ்சியத்துக்குள் போனார்கள், படகுகளுக்கு அடியில் குனிந்தார்கள், பேரீச்சை மரங்களை அண்ணாந்து பார்த்தார்கள். பூனையைப் பறிகொடுத்தவன் என்பதால் ஹொருஜாதான் முன்னால் போக வேண்டியிருந்தது. “நெஜெம், நெஜெம்” என்று அவன் கூப்பிட்டபோது குரல் உடைந்தது. சொந்தப் பூனையை விட்டுவிட்டு அடுத்த வீட்டுப் பூனையைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறானே, என்ன மனசு என்று குயவன் எதிரில் வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். இந்தக் குயவன் வண்டிக்காரன் விஷயத்திலும் முன்னால் நின்றவன்.

கடைசியில் ஹொருஜாவின் வீட்டுக்குள்ளும் தேடினார்கள். ஜாடிகளைக் கவிழ்த்தார்கள், அடுப்புக்குள் கையை விட்டார்கள். தேடிக் களைத்த இரெத்தெரு, அப்பாடா என்று சுவரோரமிருந்த சிவப்புக் கரைச் சுருளின்மேல் உட்கார்ந்தாள். ஹொருஜா வெளியே போய் நின்றுகொண்டான்.

மத்தியான வெயிலில் தெரு தூங்கியது. தாமினும் தூங்கினாள். ஹொருஜா மட்டும் பாய்ச்சுருளின் எதிரில் உட்கார்ந்திருந்தான்.

அவனுக்கு அந்தப் பூனையைப் பிடிக்கும். கோரையைக் கடிக்க வரும் எலிகளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஒரு துண்டு கருவாடுகூடக் கேட்காமல் முற்றத்தில் படுத்துக்கொள்ளும். அவன் முடைகிறபோது ஆடுகிற கோரை நுனிகளை ஒரு காலால் தட்டும். ஒரு நாளும் நகத்தை நீட்டியதில்லை. இத்தனை நேரம் தன் உயிருக்குப் பயந்தே பொழுது போய்விட்டது, அதற்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லையே என்று நினைத்ததும் அவனுக்கு அழுகை வந்தது. நன்றாகவே அழுதான். அழுது முடித்ததும், பூனை செத்த வீட்டில் செய்ய வேண்டியது என்னவோ அதைச் செய்தால்தான் மனசு ஆறும் என்று தோன்றியது. வெண்கலச் சவரக்கத்தியை எடுத்தான். தண்ணீரில் முகம் பார்த்து, இரண்டு புருவங்களையும் மழித்துக்கொண்டான்.

உண்மையான துக்கம்தான். ஆனால் மறைக்க வேண்டியது இருக்கிறவன் துக்கத்தை நெற்றியில் எழுதிக்கொள்வதில்லை.

தாமின் எழுந்து வந்து பார்த்தாள்.

“இதுக்கு நீ தெரு நடுவுல நின்னு ‘நான்தான் கொன்னேன்’னு சொல்லியிருக்கலாம்யா.”

“மனசு கேக்கலைடி.”

“மனசு கேக்கலைன்னா ஒரு மூலையில உக்காந்து அழறது. புருவத்துல ஏன் கைய வெக்கறே?”

அடுப்புத் தீயில் பொசுங்கிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார்கள். அதற்கும் முன்னால் தாமின் அவன் தலையில் ஒரு துணியைக் கட்டி, கண்வரைக்கும் இழுத்துவிட்டாள். அந்தக் கோலத்தில் அவன் தண்ணீர் எடுக்க வெளியே போனபோது எதிரில் நெஸ்மின் வந்தான். ஊரில் மற்றவர்கள் ஆளைக் கண்டால் கண்ணைப் பார்ப்பார்கள். நெஸ்மினுக்குத் தொழில் புத்தி, கண்ணுக்கு மேலே பார்ப்பான். துணியை விரலால் தூக்கினான்.

“யார் வேலை இது? இடது பக்கம் பாதியை விட்டுட்டான்.”

ஹொருஜா அடுப்பு என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் நெஸ்மினின் முகம் மாறிவிட்டது.

“உன் பூனை கெடைச்சுட்டுதா?” என்று மெதுவாகக் கேட்டான். “செத்துப்போச்சா?”

ஹொருஜா ஆமென்று தலையை ஆட்டினான். அன்று அவன் சொன்ன பதில்களில் அது ஒன்றுதான் பாதி உண்மை.

துக்க வீட்டில் தன்னைக் கூப்பிடாமல் ஹொருஜாவே கத்தியை எடுத்ததில் நெஸ்மினுக்கு வருத்தம்தான். இருந்தாலும் பெருந்தன்மையாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, இடது புருவத்தின் மிச்சத்தை எடுத்துச் சரி செய்தான். பிறகு கத்தியைத் தீட்டிக்கொண்டே தாமினைப் பார்த்தான். வீட்டிலிருக்கிற எல்லோரும் மழித்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

தாமின் இந்தத் திருவிழாவுக்குப் பெண்கள் படகில் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டு போவதாக இருந்தாள். அதற்காகவே புருவத்தை ஒரு மாதமாக எண்ணெய் தடவி வளர்த்து வைத்திருந்தாள். நெஸ்மின் கத்தியைத் துடைக்கத் திரும்பிய இடைவெளியில் புருஷன் காதருகே குனிந்தாள்.

“கொன்னது ஒருத்தர். மழிச்சுக்கறது ரெண்டு பேர். இதை நான் மறக்க மாட்டேன்.”

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நேற்று வந்த பூனைக்கு இவ்வளவு அழுகையா என்று வாசலில் கூடியிருந்த பெண்கள் நெகிழ்ந்துபோனார்கள்.

இதற்குள் தெரு மொத்தமும் முற்றத்துக்கு வந்துவிட்டது. பூனை எங்கே என்று குயவன் கேட்டான். எல்லோரும் ஹொருஜாவைப் பார்த்தார்கள். அவன் சுவரோரமிருந்த சிவப்புக் கரைச் சுருளைக் காட்டினான். காட்ட வேறு எதுவும் இல்லை.

நெஸ்மின் கத்தியைக் கீழே வைத்தான். “இரு. இதைக் காலையில நான் தூக்கிப் பார்த்தேனே. கனமா இருந்துச்சே.”

“அப்பவே உள்ளே இருந்துச்சு.”

“அப்புறம் ஏன் காணோம்னு எங்கிட்ட சொன்னே?” என்றாள் இரெத்தெரு.

ஹொருஜா சுருளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டான்.

“நீங்க உங்க பூனையைத் தேடிக்கிட்டு வந்தீங்க. அப்ப போய் எங்க வீட்டுச் சாவை எப்படிக்கா சொல்றது?”

குயவன் மூக்கை உறிஞ்சினான். செத்த பூனையை வீட்டில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், அடுத்தவர் பூனையைத் தேடி வெயிலில் அலைந்தானே என்று பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். அதிகாரிக்கு என்று சொல்லி நெஸ்மினுக்குக்கூடத் தர மறுத்த நல்ல பாயைப் பூனைக்குப் பாடையாகக் கொடுத்துவிட்டானே என்று நெஸ்மினே கண் கலங்கினான். இப்படிப்பட்டவனை நாலு பேரோடு அனுப்பக் கூடாது, தெரு முழுக்கக் கூட வந்து பூனையைப் பாடம்பண்ணக் கோயிலில் சேர்க்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. தனியாகப் போய்க்கொள்கிறேன் என்று ஹொருஜா எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். சொல்லச் சொல்லக் கூட்டம் கூடியது.

புறப்படும் முன் இரெத்தெரு சுருளருகே வந்தாள். நெஜெமின் சாயல் என்றாயே, முகத்தை ஒரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்டாள். நெஜெமுக்கு இடது காது கிழிந்திருக்கும். நாய் கடித்தது, தெருவுக்கே தெரியும். ஹொருஜா முடிச்சின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டான்.

“வேண்டாம்க்கா,” என்றாள் தாமின். “பார்த்தா நீங்க தாங்க மாட்டீங்க.”

இரெத்தெரு வற்புறுத்தவில்லை. ஊர்வலத்தில் ஹொருஜாவின் பக்கத்திலேயே நடந்தாள். கையில் அதே கிண்ணம்.

“நான் புருவத்தை எடுக்கலை, தம்பி, தப்பா நெனைச்சுக்காதே. எடுத்தா என்னுதும் செத்துட்டதா ஆயிடும். அவ வந்துடுவா. வந்ததும் அவ போடற முதல் குட்டி உனக்கு.”

ஹொருஜாவுக்கு அந்த இடத்திலேயே சுருளைக் கீழே வைத்துவிட்டு அவள் காலில் விழ வேண்டும் போலிருந்தது. உண்மையைச் சொல்லியும் இருப்பான். திரும்பிப் பார்த்தான். பின்னால் குயவன், அவனுக்குப் பின்னால் வண்டிக்காரனை இழுத்துப்போன இரண்டு படகோட்டிகள். எல்லோரும் அவனைப் பார்த்து ஆறுதலாகத் தலையசைத்தார்கள். அவன் சுருளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

கோயில் முற்றத்தில், நிழலில், பெரிய பெரிய கூடைகளில் குட்டிகள் இருந்தன. அம்மனின் குட்டிகள். கூடை கொள்ளாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பாலுக்குக் கத்திக்கொண்டிருந்தன. துக்கத்தின் நடுவிலும் கூட்டம் நின்று, கைகளை உயர்த்தி அவற்றை வணங்கியது. கோயில் ஆள் ஒருவன் ரொட்டியைப் பாலில் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தான். எங்கள் பிள்ளைகளுக்குக்கூட அந்தப் பவிசு கிடையாது.

வாசலில் உன்னெபர் காத்திருந்தான். வேலை கேட்டு வர வேண்டிய மச்சான் புருவமில்லாமல், பின்னால் ஒரு தெருவையே இழுத்துக்கொண்டு, காணிக்கைப் பாய்க்குள் பிணத்தோடு வருவதைப் பார்த்து அவனுக்கு முதலில் வியர்த்தது. ஆனால் அதிகாரி ஏற்கெனவே கதையைக் கேட்டிருந்தார். நெஸ்மின் முன்னாலேயே ஓடி வந்து சொல்லியிருந்தான். அவர் தானே படியிறங்கி வந்து ஹொருஜாவின் தோளில் கை வைத்தார். இப்படிப்பட்ட நெஞ்சு உள்ளவன் அம்மன் வாசலில் நிற்பது கோயிலுக்குத்தான் பெருமை என்றார். தாமின் அந்தக் கண்ணீரிலும் அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

ஹொருஜா சுருளை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்று பார்த்தான்.

“உள்ளே நீயே கொண்டுபோகணும்,” என்றார் அதிகாரி. “பாடம்பண்ற கூடத்துல பிரிச்சுப் பார்ப்பாங்க. எப்படிச் செத்ததுன்னு பார்க்காம உப்புல போடறதில்லை.”

கூட்டம் அது சரிதான் என்று ஆமோதித்தது. பார்க்கத்தான் வேண்டும். வீட்டுக்காரன் தவிர யாருக்கும் உள்ளே அனுமதியில்லை. ஆகவே எல்லோரும் வெளியிலேயே காத்திருப்பதாகச் சொன்னார்கள். குயவன் வசதியாக ஒரு கல் குவியலின்மேல் உட்கார்ந்தான்.

கதவுவரை கூட வந்த உன்னெபர் பெருமையாகச் சொன்னான்: “ஜெதோர் இருக்காரு பாருங்க மச்சான், அவர் கண்ணால பார்க்கவே வேண்டாம். எலும்பைத் தடவியே சொல்லிடுவாரு. மனுஷன் கைபட்டிருந்தா அவர் விரலுக்குத் தெரிஞ்சுடும்.”

இரெத்தெரு கிண்ணத்தை ஹொருஜாவின் கையில் கொடுத்தாள். “உன் பூனை பக்கத்துல வெச்சுடு. என்னுது வந்தா புதுசாப் பிசைஞ்சுக்கறேன்.”

கூடத்துக்குள் குளுமையாக இருந்தது. உப்பும் பிசினும் மணத்தன. சுவரோரம் துணி சுற்றிய சுருள்கள், ஹொருஜாவின் வீட்டில் பாய்கள் நிற்பதைப்போலவே வரிசையாக நின்றன. நாலைந்து பேர் தரையில் உட்கார்ந்து தலை நிமிராமல் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்கும் புருவம் இல்லை. இந்தக் கூடத்து ஆட்களுக்கு வருஷம் முழுக்கப் புருவம் இருப்பதில்லை. ஊரில் அவர்கள் தெருவில் வந்தால் வழி விடுவோம். போகிற ஒவ்வொரு பூனைக்கும் தன் வீட்டுப் பூனைபோலத் துக்கம் காக்கிறவர்கள் ஆயிற்றே.

ஜெதோர் வயதானவர். வெங்காயம் மென்றுகொண்டிருந்தார். சுருளை மடியில் வாங்கி, முதலில் முடிச்சைத்தான் பார்த்தார். அவிழ்த்து, மறுபடி போட்டுப் பார்த்து, மறுபடி அவிழ்த்தார். பாயை விரித்தார். நெஜெம் தூங்குவதைப்போலவே கிடந்தது. கிழிந்த காது மடங்கியிருந்தது.

ஜெதோரின் இரண்டு விரல்கள் கழுத்துக்குப் போயின. இடப் பக்கம் தடவினார். வலப் பக்கம் தடவினார். மெல்வதை நிறுத்தினார். நிமிர்ந்து ஹொருஜாவைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார்.

ஹொருஜா தரையில் விழுந்தான். கிண்ணம் உருண்டது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். தனக்குப் பூனையே கிடையாது, இது வெளியே நிற்கிற அந்த அம்மாவுடையது, தானே கொன்றது, தெரிந்து செய்யவில்லை, முழங்காலை ஊன்றி முறுக்கியது மட்டும்தான், சாகத் தயார், ஆனால் வெளியே அந்தக் குயவன் கையில் விட்டுவிடாமல் இங்கேயே முடித்துவிட்டால் புண்ணியமாகப் போகும். கடைசியில், அந்தப் பூனை ரொம்ப நல்ல பூனை என்றும் சொன்னான். அதைச் சொன்னபோது விக்கி விக்கி அழுதான்.

ஜெதோர் அவன் முடிக்கும்வரை பொறுமையாக இருந்து, வாயிலிருந்த வெங்காயத்தை விழுங்கினார்.

“ஒரே முறுக்குலயா?”

“ஆமாங்க.”

“கத்தலையா? பிராண்டலையா?”

“இல்லீங்க. ‘நறுக்’னு ஒரு சத்தம். அவ்வளவுதான்.”

ஜெதோர் சைகை செய்தார். துணி சுற்றிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். ஒருவன் பூனையின் கழுத்தைத் தடவினான். இன்னொருவன் பாயின் ஓரத்தைத் தடவி, அது சுருண்டிருந்த பதத்தைப் பார்த்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் பொறாமையோடு தலையசைத்தார்கள். அவர்களுடைய கைகளில் முழங்கைவரை நகக் கீறல்கள் இருந்தன.

வெளியே கூடைகளில் குட்டிகள் பாலுக்குக் கத்திக்கொண்டிருந்தன. ஜெதோர் குனிந்து ஹொருஜாவின் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

“வாசல்காவலெல்லாம் உன் கைக்கு வேண்டாம், தம்பி. வெளியே கூடையில இருக்கறதையெல்லாம் திருவிழாவுக்குள்ள முடிச்சாகணும், நாளைக்குக் காலையிலேயே வந்துடு.”